பச்சை விளக்கும் பத்து நிமிடமும்

இன்று மத்தியானம் நானே ஈயம் உருக்கினேன். நீ பக்கத்தில் இல்லாமல் இதுதான் முதல் தடவை. சோல்டரிங் அயனின் முனை பட்டதும் ஈயக் கம்பிக்குள் இருக்கிற பிசின் புகைந்து மூக்கில் ஏறியது. அயனை அதன் தாங்கியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டேன். உன் செத்தவீட்டன்று உன்னை மாதா கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துச் சுவாமியார் தூபம் காட்டியபோது வந்த மணமும் இதேதான். வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று, முகம் கழுவி, திரும்பிப் போய் மிச்சத்தை உருக்கினேன்.

நம் பெட்டியில் ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஐஸ்கிரீம் வாங்கிய வெள்ளை டப்பா, உள்ளே உன் நீலப் பலகை, மூடியில் ஒரு பச்சை விளக்கு. நாலு மாதமாக அதை அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஏன் ஒளித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லப் பயந்தேன். நீ போன பிறகும் பயம் போகவில்லை.

நான் பயந்தவள் என்பது உனக்குப் புதினமில்லை. கரவெட்டியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்களே, நினைவிருக்கிறதா? உன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே புட்டு இல்லை. பழைய ரேடியோ ஒன்றின் குடலெல்லாம் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. வயரும் பலகையும் கண்ட அந்த ஆமிக்காரன் இரண்டடி பின்னால் போனான். என் கால் நடுங்கிய நடுக்கத்தில் செருப்பு கழன்றுவிட்டது. நீயோ, "ரேடியோ சேர், பாட்டு" என்றாய். அவனுடைய டோர்ச்சிலிருந்தே இரண்டு பற்றறியைக் கேட்டு வாங்கிப் பொருத்தினாய். கரகரவென்று ஏதோ சிங்களப் பாட்டு வந்தது. அவர்கள் சிரித்தார்கள். நாங்கள் தப்பினோம் என்று நான் மூச்சு விடுகிற நேரத்தில், பற்றறி கிடைக்காத அந்தக் காலத்தில், "சேர், இந்தப் பற்றறியை நான் வச்சிருக்கட்டோ?" என்று கேட்டாயே. உன்னை அந்த இடத்திலேயே கொன்றிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு வயரும் பற்றறியும் ஒன்றாக இருந்தால் பயம். எத்தனையோ வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, மயிலிட்டியில் மறுபடி வீடு கட்டி, நான் பாடசாலைக் கந்தோரில் கிளாக்கராகவும் நீ சந்தியில் போன் திருத்துகிறவளாகவும் ஆன பிறகும் அந்தப் பயம் மாறவில்லை. ஒரு சனிக்கிழமை நீ உள்ளங்கை அளவில் ஒரு நீலப் பலகையைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தபோது, நான் முதலில் செய்த வேலை ஜன்னலைச் சாத்தியது.

"விசரி, இது கொம்பியூட்டருக்கும் லைற்றுக்கும் நடுவிலை நிண்டு கதைக்கிற சாமான். நாங்கள் எழுதுறதை இது செய்யும்" என்றாய்.

"என்னத்தை எழுதுறது?"

"பத்து எண்ணு, லைற்றைப் போடு, பத்து எண்ணு, நூர், அணை. அவ்வளவுதான். உனக்கு டைப் பண்ண வரும், எனக்கு ஒட்ட வரும். வேறை என்ன வேணும்?"

அந்தச் சின்ன விளக்கு முதல் தடவை மின்னி மின்னி அணைந்தபோது நீ கைதட்டினாய். நான் யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் படலைப் பக்கம் பார்த்தேன். ஆனாலும் எனக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. நான் எழுதிய ஒரு வரியைக் கேட்டு ஒரு பொருள் நடக்கிறது என்பது கந்தோரில் கிடைக்காத சந்தோஷம். பிறகு எத்தனை சனிக்கிழமை! தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் கத்துகிற பெட்டி, கோழிக்கூட்டுக் கதவைத் தானாகச் சாத்துகிற பெட்டி. அந்தக் கதவு ஒரு கோழியின் வாலைப் பிடித்துக்கொண்ட கதையை ஊரே சொல்லிச் சிரித்தது. நீ வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் படித்துவந்து சொல்வாய், நான் எழுத்துப் பிழையில்லாமல் அடிப்பேன்.

பச்சை விளக்குப் பெட்டி எனக்காகச் செய்தது. என் மனுஷன் பின்னேரம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போனால் விடிய ஏழு மணிக்குத்தான் வருவார். போனைப் பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு எடுக்கவே மாட்டார், எடுத்தாலும் தூரத்தில் சிக்னல் இல்லை. ஒவ்வொரு காலையும் நான் கரைக்கும் வீட்டுக்கும் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "படகிலை ஒரு பெட்டி வைப்பம். அது ஒவ்வொரு நிமிசமும் 'இருக்கிறன், இருக்கிறன்' எண்டு ரேடியோவிலை சொல்லும். கொஞ்சத் தூரத்துக்குத்தான் கேக்கும். உன்ரை குசினியிலை இருக்கிற பெட்டிக்கு அது கேட்டால் பச்சை. கேக்காட்டில் நூந்துபோம். திரும்பக் கரைக்குக் கிட்ட வரேக்கை பத்தும். நீ நடக்கத் தேவையில்லை."

படகுப் பெட்டியை நினைத்து நான் பட்ட பாடு! பற்றறி, வயர், ஏரியல். கடலில் கடற்படை மறித்தால்? நீ அதன் மேல் மூன்று மொழியிலும் 'இது ஆபத்தானது அல்ல' என்று எழுதி ஒட்டினாய். அப்படி எழுதிய பெட்டியைக் கண்டால்தானடி பயம் வரும் என்று நான் கத்தினேன். கடைசியில் அதைக் கிழித்துவிட்டு, படகின் இலக்கத்தையும், ஒரு பக்கம் உன் மாதாவையும் மறுபக்கம் எங்கள் முருகனையும் ஒட்டினாய். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தப் புரோகிராமில் ஒரு வரி. படகிலிருந்து செய்தி வராமல் எத்தனை நிமிடம் பொறுத்து விளக்கை அணைக்க வேண்டும் என்பது. அதற்கு 'காத்திரு' என்று பெயர் வைத்து, பத்து என்று போட்டோம். நான் அப்போதே கேட்டேன், கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று.

"கூடாது. தெரியாததைத் தெரியும் எண்டு மெசின் சொல்லப்படாது" என்றாய். பிறகு என்னைத் தள்ளிவிட்டு நீயே அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு சரிந்த கோடு போட்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு வசனம் அடித்தாய். இரண்டு கோட்டுக்குப் பிறகு எழுதுவது மெசினுக்கு இல்லை, வாசிக்கிற மனிதருக்கு என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். அது பெட்டிக்குள் போகாது, மடிக்கணினியிலேயே நின்றுவிடும்.

நீ எழுதியது இது: 'பத்துக்கு மேலை போடாதை. பயம் வந்தால் எனக்குப் போன் எடு.'

ஒவ்வொரு பின்னேரமும் நாலு மணி கடந்து விளக்கு அணையும். அணைந்ததும் உனக்குப் போன் எடுப்பேன். "நூந்திட்டுதோ? சரி, இப்ப உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தேத்தண்ணி போடு" என்பாய். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு நிமிடக் கதையில் என் நெஞ்சு இறங்கும். பக்கத்து வளவு றெஜினா அக்கா, அவருடைய கணவர்தானே எங்கள் படகில் கூடப் போகிறவர், அவரும் காலையில் வேலிக்கு மேலால் எட்டி, "தங்கச்சி, லைற் என்னவாம்?" என்று கேட்பார். பச்சை என்றால் அடுப்பில் பானையை வைப்பார்.

பிறகு நீ நோயில் படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்கு, மூச்சு விடவே களைக்கிறவளுக்கு, விளக்கு அணைந்தது என்று எப்படிப் போன் எடுப்பது? எடுக்கவில்லை. அணைந்த விளக்கோடு தனியே இருக்க என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் மடிக்கணினியைத் திறந்தேன். உன் வசனத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு, பத்துக்குப் பின்னால் இரண்டு பூச்சியம் போட்டுப் பெட்டிக்குள் ஏற்றினேன்.

ஆயிரம் நிமிடம் என்றால் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல். விளக்கு இரவு முழுக்கப் பச்சை. காலையிலும் பச்சை, படகு வந்தாலும் வராவிட்டாலும். இதைவிட வேடிக்கை, இரண்டு கிழமையில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். என் கையால் போட்ட பொய் என்பது மறந்துபோய், பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு வந்தது.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மற்றப் படகுகள் வந்தன. எங்களுடையது வரவில்லை. றெஜினா அக்கா கேட்டார், பச்சை என்றேன். "அப்ப கிட்டத்தான் நிக்கினம்" என்று அவர் பானையை வைத்தார். எட்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயே வந்து விளக்கைப் பார்த்தார். அப்போதும் பச்சை. மீனவர் சங்கத்துக்குச் சொல்லுவோமா என்றார். "கொஞ்சம் பாப்பம் அக்கா, பச்சையாத்தானே கிடக்கு" என்று சொன்ன என் வாயை என்ன செய்வது!

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு அணைந்தது.

"ஐயோ, இப்பத்தான் ஏதோ நடந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு அவர் துறைமுகத்துக்கு ஓடினார். நான் அசையாமல் நின்றேன். இப்போது ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆயிரம் நிமிடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அவர்களிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்தது முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்கு. ஆனால் விளக்கு இப்போதுதான் அணைந்தது என்று கேட்ட படகுக்காரர்கள் எல்லோரும் கரைக்குக் கிட்டவே தேடினார்கள். நான் துறைமுகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தேன். வாய் திறந்து சொன்னால் றெஜினா அக்கா என்னை என்ன செய்வார்? ஊர் என்ன செய்யும்? ஒரு மணித்தியாலம் அப்படி நின்றேன். என் மனுஷனும் அவருடைய மனுஷனும் எங்கோ மிதக்க, நான் என் மானத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் சொன்னேன், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. "மெசின் பழுது போலை கிடக்கு. அதை நம்பாதையுங்கோ, ஆழக்கடலிலையும் போய்ப் பாருங்கோ" என்றேன். அவர்கள் ஆழத்துக்குப் போனார்கள். இஞ்சின் செத்து, கிழக்கே வெகுதூரம் இழுபட்டுப் போயிருந்த படகைப் பின்னேரம் இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். என் மனுஷன் எழும்பி நடந்தார். றெஜினா அக்காவின் கணவர் இஞ்சினோடு மல்லுக்கட்டும்போது வழுக்கி விழுந்து தலை அடிபட்டு, வெயிலில் கிடந்து, பேச்சுக் குழறிய நிலையில் வந்தார். நாலு மாதம் கடலுக்குப் போகவில்லை.

ஊர் உன்னைத்தான் குறை சொன்னது. 'போன் திருத்துறவள் செய்த விளையாட்டுச் சாமானை நம்பினால் உப்பிடித்தான்' என்று என் காதுபடச் சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அது உன் காதுக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கேட்ட முதல் கேள்வி, "எந்த வரியடி பிழைச்சது?" உன் முகத்தில் நோயைவிட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னாய். சார்ஜர் எரிந்துவிட்டது என்றேன். அடுத்த தடவையும் கேட்டாய், திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். உனக்கே, போன் திருத்துகிற உனக்கே! நீ என்னைப் பார்த்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

உன் செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் உன் தங்கச்சி ஒரு மருந்து உறையை என்னிடம் தந்தாள். அதன் பின்பக்கத்தில் நம் புரோகிராம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதியிருந்தாய், நடுங்கின எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி போட்டிருந்தாய். 'காத்திரு' வரிக்கு மட்டும் சரி இல்லை. அந்தப் பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாய்.

உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தாயா? அல்லது கடைசி வரை உன் வரியில்தான் பிழை என்று தேடிக்கொண்டே போனாயா? இரண்டில் எது உண்மை என்றாலும் எனக்குத் தாங்காது. அந்த உறையை மடித்து, சேலைகளுக்கு அடியில் கிடந்த டப்பாவுக்குள் புதைத்தேன்.

இன்று காலை றெஜினா அக்கா வேலிக்கு மேலால் எட்டினார். அவருடைய கணவர் நாலு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் திரும்பவும் எங்கள் படகில் போகிறாராம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "உந்த லைற் இருந்தாலும் ஒரு ஆறுதல்" என்றார். பிறகு தானே தலையாட்டிக்கொண்டு, "வேண்டாம், அது பிழைச்ச சாமான். அவள் பாவம், நல்ல பிள்ளை. செய்யத் தெரியாமல் செய்துபோட்டாள்" என்றார்.

செய்யத் தெரியாமல்! வேறு யார் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. மனம் நிறைந்த இரக்கத்தோடு அவர் அதைச் சொன்னது எனக்குள் கத்தியாக இறங்கியது. உள்ளே போய்ச் சேலைகளை இழுத்துப் போட்டுப் பெட்டியை எடுத்தேன்.

வயரை ஒட்டினேன். புரோகிராமைத் திறந்து இரண்டு பூச்சியத்தையும் அழித்து, திரும்பப் பெட்டிக்குள் ஏற்றினேன். படகுப் பெட்டியின் பற்றறியை மாற்றி மனுஷனிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். மூன்று மணிக்குப் பச்சை பற்றியது. பிறகு போனை எடுத்தேன். பழக்கத்தில் விரல் உன் பெயரில்தான் போய் நின்றது. அதைத் தாண்டிக் கீழே போய் றெஜினா அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, ஒருக்கா வீட்டை வாறியளோ? அந்த மெசின் பிழைக்கேல்லை. நான்தான் பிழை. எனக்குப் பயமா இருக்கு."

"வாறன்" என்றார்.

படலை திறக்கிற சத்தம் கேட்டதும் போய் அவரைக் கூட்டிவந்தேன். மேசைக்கு முன்னால் இருத்தி, மடிக்கணினியைக் காட்டி, பத்து, இரண்டு பூச்சியம், நாலு மணி, ஒன்பது மணி, எல்லாவற்றையும் சொன்னேன். துறைமுகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தையும் சொன்னேன்.

"அண்டைக்கு என்ரை மனிசன் செத்திருந்தால்?" என்றார் கடைசியில்.

அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தேன்.

"அந்தப் பிள்ளையின்ரை செத்தவீட்டிலையும் நான் நாலு பேரிட்டை 'செய்யத் தெரியாதவள்' எண்டுதானே சொன்னனான். என்னையும் பாவியாக்கிப் போட்டாய்." எழும்பினார். போய்விடுவார் என்று நினைத்தேன். வாசல்வரை போய் நின்றார். பிறகு திரும்பி வந்து கதிரையை இழுத்து விளக்குக்கு நேரே போட்டு அமர்ந்தார். "உன்னோடை எனக்குக் கதை இல்லை. ரெண்டு பேரும் அங்கை ஒரே படகிலை. நான் வேறை எங்கை போறது?"

திரையில் கிடந்த உன் வசனத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நாளைக்குச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் நான் இதைச் சொல்ல வேண்டும் என்றார். தானும் கூட வருவதாகச் சொன்னார். ஓம் என்றேன். போவேன்.

நாலு மணி கடந்து கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது.

"இப்ப என்ன அர்த்தம்?" என்றார்.

"தெரியாது எண்டு அர்த்தம், அக்கா."

"உனக்குமோ?"

"எனக்கும்."

அவர் எழும்பிப் போய் என் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். நான் இந்தப் பக்கம் இருந்து உனக்கு இதை எழுதுகிறேன். விளக்கு அணைந்துதான் கிடக்கிறது. படகு எங்கே என்று தெரியாது, விடியும்வரை தெரியாது. பயமாக இருக்கிறது. ஆனால் பெட்டி நீ எழுதியபடியே வேலை செய்கிறது. அதில் ஒரு வரியும் பிழையில்லை. மருந்து உறையை எடுத்து, நீ வட்டம் போட்ட பத்துக்குப் பக்கத்தில் நானே ஒரு சரி போட்டேன்.

இரண்டு கோட்டுக்குப் பிறகு நீ எழுதிய அந்த வசனம் பெட்டிக்குள் போகவில்லை. அது என்னிடம்தான் நிற்கிறது.